எழுதினவரைக் கேள்

எங்க அண்ணிக்கு ஆபீஸ்ல பேரு கத்திரி. காய் இல்ல, வெட்டுற கத்திரி. அந்தப் பேரை வச்சது எங்க அண்ணன்தான். வச்ச கையோட அவங்களையே கல்யாணமும் பண்ணிக்கிட்டான். அது வேற கதை. வேற கதை என்ன, இதே கதைதான், சொல்றேன்.

அண்ணி வேலை பாத்தது தண்ணி பம்பு செய்யுற கம்பெனியில. பம்பு வாங்கினா பெட்டிக்குள்ள ஒரு சின்னப் புத்தகம் இருக்கும் இல்லையா, எப்படி மாட்டணும், எப்படி ஓட்டணும், எதைத் தொட்டா தூக்கி அடிக்கும்னு? நீங்க அதைப் படிச்சிருக்க மாட்டீங்க. நானும் படிச்சதில்ல. ஆனா எங்கேயோ ஒருத்தன் ஈரக் கையோட அதைப் பிரிச்சு வச்சுக்கிட்டு நிப்பான்னு அண்ணி சொல்லுவாங்க. அந்த ஒருத்தனுக்காகத்தான் வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து ரிட்டயர் ஆகுற வரைக்கும் அந்தப் புத்தகங்களைத் திருத்திக்கிட்டிருந்தாங்க.

எஞ்சினியருங்க மாடியில உக்காந்து எழுதுவாங்க. அண்ணிக்குக் கீழ, பெட்டி கட்டுற இடத்தை ஒட்டின ரூம். எப்பவும் அட்டை வாசனை, டேப்பைக் கிழிக்கிற சத்தம். மேஜை மேல ஒரு பம்பு கழட்டிக் கிடக்கும். ஒரு கையில எழுதின தாளு, ஒரு கையில ஸ்பேனர். தாளுல இருக்குறதை மட்டும்தான் செய்வாங்க, தெரிஞ்சதைச் செய்ய மாட்டாங்க. ‘திருகவும்’னு மட்டும் போட்டு எந்தப் பக்கம்னு எழுதலைன்னா, வேணும்னே தப்பான பக்கமா திருகி மரையைக் கெடுத்து, அந்த மூடியைத் தாளோட சேத்துக் கட்டி மாடிக்கு அனுப்புவாங்க. அவ்வளவு கொழுப்பு.

ஒரு தடவை புதுசா வந்த எஞ்சினியர் இப்படி எழுதி அனுப்பினான்: “மேற்படி மோட்டாரின் மேல்மூடியானது அகற்றப்படுவதற்கு முன்னதாக, மின்னிணைப்பானது முழுமையாகத் துண்டிக்கப்பட்டுள்ளது என்பது உறுதி செய்யப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது.” அண்ணி அதை, “மூடியைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள்”னு ஆக்கிட்டாங்க. அதோட விட்டாங்களா? ஓரத்துல பென்சிலால ஒரு கேள்வி: “யார் கேட்டுக்கொள்கிறார்? யாரை?” அந்த எஞ்சினியர் படியில தடதடன்னு இறங்கி வந்து, அது மரியாதைக்கு எழுதினதுன்னு சண்டை போட்டான். ஷாக் அடிக்கிறப்ப மரியாதை எதுக்குன்னு அண்ணி கேட்டாங்க. மறுநாளும் இறங்கி வந்தான். அதுக்கடுத்த நாளும் வந்தான். அவன்தான் எங்க அண்ணன்.

அண்ணி கண்டபடி வெட்டுவாங்கன்னு நினைச்சுடாதீங்க. அவங்களுக்குன்னு ஒரு கட்டுப்பாடு உண்டு. புரிஞ்சதை வெட்டலாம், புரியாததைத் தொடக் கூடாது. ஓரத்துல கேள்வி எழுதி மாடிக்கு அனுப்பணும். “நாமளா ஒரு அர்த்தம் வச்சுக்கிட்டா வாக்கியம் நல்லாத்தான் இருக்கும். பம்புதான் வெடிக்கும்”னு சொல்லுவாங்க. எழுதினவர்கிட்ட இருந்து பதில் வராம எந்தப் புத்தகமும் அச்சுக்குப் போகாது. லாரி வாசல்ல வந்து நிக்கும், மேனேஜர் தலையில அடிச்சுக்குவார், இவங்க அசைய மாட்டாங்க. “எழுதினவரைக் கேளுங்க”ன்னு விரலை மேல காட்டுவாங்க.

ஆபீஸ்லதான் இந்த நியாயமெல்லாம். வீட்டுக்குள்ள வந்துட்டா வெட்டு மட்டும்தான், கேள்வி கிடையாது. நான் அண்ணனுக்கு ரெண்டு வயசு இளைய தங்கச்சி. ஸ்கூல்ல விளையாட்டு டீச்சரா இருந்தவ. கல்யாணம் பண்ணிக்கல, அதுக்கு யாரும் வருத்தப்பட வேணாம். அண்ணன் வீட்டு மாடியிலதான் இருக்கேன். மைதானத்துல கத்திக் கத்தி என் தொண்டை ஊருக்கே கேக்குற மாதிரி ஆயிடுச்சு, அதனால அண்ணி எனக்கு வச்ச பேரு விசில். நாத்தனாருன்னா கொஞ்சம் பயம் வேணாம்? நான் ஒரு நாள் இறங்கி வந்து அவங்களோட மூச்சு வாங்கச் சண்டை போட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, “விசில், இதுல ஒரே குத்தத்தையே மூணு விதமா சொல்லிட்ட. ஒண்ணு போதும், எது?”ன்னு கேட்டாங்க. எனக்கு எதுக்குச் சண்டை போட வந்தேன்னே மறந்துடுச்சு.

அண்ணன் கதைதான் பாவம். அவனுக்கு எதையும் ஆரம்பத்துல இருந்து சொல்லணும். கடைக்குப் போயிட்டு வந்ததைச் சொல்லணும்னா செருப்பு மாட்டினதுல இருந்து வரணும். அண்ணி பாதியில, “சாராம்சம்?”னு கேப்பாங்க. “பாதியை விட்டுட்டியே, கத்திரி!”ன்னு அவன் சிரிப்பான். “தேவையில்லாத பாதி”ன்னு இவங்க சொல்லுவாங்க. அவங்களுக்குள்ள அது ஒரு கொஞ்சல்தான். எனக்குத்தான் பத்திக்கிட்டு வரும்.

ரெண்டு பேரும் ரிட்டயர் ஆன பிறகு ஒரு சாயங்காலம், கூட வேலை பாத்த ஒருத்தரை ஆஸ்பத்திரியில பாத்துட்டு அண்ணன் வந்தான். அவருக்குப் பெரிய ஆபரேஷன் பண்ணி, குழாய் குழாயா சொருகிப் படுக்க வச்சிருந்தாங்களாம். அண்ணன் செருப்பைக் கூடக் கழட்டாம நாற்காலியில உக்காந்தான். “பஸ் கிடைக்கல. லிப்ட்டும் வேலை செய்யல. படியில ஏறும்போதே யோசிச்சுக்கிட்டுப் போனேன், நாளைக்கு எனக்கு இப்படி ஒண்ணு வந்துச்சுன்னா…”ன்னு ஆரம்பிச்சான். அண்ணி பீன்ஸ் நறுக்கிக்கிட்டே தலையைத் தூக்காம, “சாராம்சம்?”னாங்க. அவன் கொஞ்ச நேரம் பாத்தான். அப்புறம் சிரிச்சுட்டு, “ஒண்ணுமில்ல, விடு”ன்னு செருப்பைக் கழட்டப் போயிட்டான். நான் பக்கத்துலதான் பேப்பர் பாத்துக்கிட்டிருந்தேன். அன்னைக்கு அது ஒரு விஷயமாவே தெரியல.

அதுக்கு அடுத்த மாசமே அவனுக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு. கை கால் ஓரளவு தப்பிச்சுது. பேச்சுதான் போச்சு. போச்சுன்னா நின்னு போகல, நின்னிருந்தாக் கூடத் தேவலை. பேச்சு அது பாட்டுக்கு வரும், அதே குரல், அதே ஏத்த இறக்கம், கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவான். வார்த்தைதான் எது எதோ வந்து விழும். “வாளியை நேத்து கூப்பிட்டுட்டேன், அது மேல வந்தா செவ்வாய்க்கிழமையை மடிச்சுக் கொடு”ம்பான். சொல்லி முடிச்சுட்டு, நாம பதில் சொல்லணும்னு முகத்தையே பாப்பான். நாம சொல்றதும் அவனுக்குப் பாதி போய்ச் சேருது, பாதி சேரலைன்னு டாக்டர் சொன்னார். அந்த முகத்தைப் பாத்துட்டு நான் மாடிக்கு ஓடிப் போய் அழுதிருக்கேன். வேற என்ன செய்யுறது?

அண்ணி அழல. அசராம வேலையை ஆரம்பிச்சுட்டாங்க. அவன் நீளமா ஏதாவது சொல்லுவான், அண்ணி ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, “காபி கேக்குறார்” “போர்வை வேணுமாம்” “நீ சத்தம் போடாதன்னு சொல்றார்”னு நாலு வார்த்தையில சொல்லிடுவாங்க. வந்தவங்க எல்லாரும் வாயைப் பொளந்தாங்க. வேற ஊர்ல இருக்குற அவங்க மகன் போன் பண்ணினா, “அப்பா என்னம்மா சொல்றார்?”னுதான் முதல்ல கேப்பான். அண்ணி சாராம்சம் சொல்லுவாங்க. எத்தனை வருஷமா அவன் எழுதினதுக்கு அர்த்தம் கண்டுபிடிச்சவங்க, இது முடியாதான்னு நாங்க எல்லாரும் நம்பினோம். அவங்களும் நம்பினாங்க.

தினமும் மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் அண்ணன் ஒரு பெரிய பிரசங்கம் பண்ணுவான். அதுல ஜன்னல் ஜன்னல்னு வந்துக்கிட்டே இருக்கும். “புழுக்கமா இருக்காம்”னு அண்ணி போய் ஜன்னலைத் திறந்து விடுவாங்க. அவன் இன்னும் கொஞ்சம் பேசிட்டு அடங்கிடுவான். “பாத்தியா, அதுதான் வேணும்”னு அண்ணி சொல்லுவாங்க. மழைக்காலம் வந்தும் அந்த ஜன்னல் திறந்தே கிடந்துச்சு.

ஒரு நாள் காலையில பாத்தா அவன் கன்னம் பன் மாதிரி வீங்கியிருக்கு. பல் டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினோம். அவர் வாயைத் திறந்து விளக்கை அடிச்சுப் பாத்துட்டு, “கடவாப் பல் அடியோட அழுகிடுச்சு. சாப்பிடும்போதெல்லாம் உயிர் போயிருக்குமே, இத்தனை நாளா இவர் ஒண்ணும் சொல்லலையா?”ன்னு கேட்டார்.

“சொன்னார். தினமும் சொன்னார்” அப்படின்னாங்க அண்ணி.

வீட்டுக்கு வந்ததும் நான் பிடிச்சுக்கிட்டேன். “உயிரோட இருக்குறவனை கண்டபடி வெட்டித் தள்ளியிருக்கீங்களே அண்ணி! அவன் பல்லு வலிக்குதுன்னு கதறுறான், நீங்க காத்து வாங்கச் சொல்றீங்க! நீங்க படிச்ச படிப்பு இதுக்குத்தானா?” இன்னும் என்னென்னவோ கத்தினேன். ஒரே குத்தத்தையே பத்து விதமா சொல்லியிருப்பேன். கடைசியில அண்ணி, “ஆபீஸ்ல புதுசா வந்த யாராவது இப்படிப் பண்ணியிருந்தா வெளிய அனுப்பியிருப்பேன், விசில்”னாங்க. புரிஞ்ச ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு மிச்சத்தைக் குப்பைன்னு தள்ளிட்டாங்க. எழுதினவரைக் கேக்கவே இல்ல. எனக்கு அதுக்கு மேல கத்த மனசு வரல.

அதுல இருந்து கேக்க ஆரம்பிச்சாங்க. அட்டையை வெட்டிப் படம் ஒட்டினாங்க, தண்ணி, போர்வை, பல்லு, வயிறுன்னு. அவன் எல்லாத்தையும் தொட்டான். சும்மா தொடல, ஒவ்வொண்ணையும் ஆசையா எடுத்துப் பாத்துட்டு அடுக்கி வச்சான். சரி, ஆமா இல்லைன்னாவது வாங்கிடலாம்னு பாத்தாங்க. பசிக்குதான்னா, “ஆமா.” பசிக்கலையான்னாலும், “ஆமா.” அண்ணிக்குச் சந்தேகம் வந்துடுச்சு. “நான் உங்க தங்கச்சியா?”ன்னு கேட்டாங்க. “ஆமா ஆமா”ன்னு சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, அண்ணிக்கும் வந்துடுச்சு. அப்புறம் அண்ணி எழுந்து சமையல் ரூமுக்குள்ள போயிட்டாங்க. குழாயைத் திறந்து விட்ட சத்தம் மட்டும் கேட்டுச்சு.

இந்த நிலைமையிலதான் அந்த ஸ்கேன் வந்துச்சு. கழுத்துல மூளைக்கு ரத்தம் போற குழாயில பெரிய அடைப்பு. விட்டா இன்னொரு ஸ்ட்ரோக் வரலாம், அது ஆளைக் கொண்டு போயிடலாம். ஆபரேஷன் பண்ணி அடைப்பை எடுத்துடலாம், ஆனா பண்ணும்போதே அந்த ஸ்ட்ரோக் வந்துடலாம், இருக்குற பேச்சும் நடையும் போய்ப் படுக்கையோட ஆயிடலாம். பெரிய டாக்டர் ஒளிவுமறைவில்லாம சொன்னார். “கட்டாயம்னு நான் சொல்ல மாட்டேன். ரெண்டு பக்கமும் ஆபத்து இருக்கு. இது அவர் உடம்பு, அவர் என்ன நினைக்கிறார்னு தெரிஞ்சா நல்லது.”

சின்ன ரூம். நாலு நாற்காலி, சுவத்துல மூளைப் படம், ஏசி காத்துல ஆடிக்கிட்டிருக்குற ஒரு காலண்டர். மகன் லீவு போட்டு வந்திருந்தான். அண்ணன் நடுவுல, புதுச் சட்டை போட்டுக்கிட்டு, பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி நிமிந்து உக்காந்திருந்தான். டாக்டர் நிதானமா, படத்தைக் காட்டி, அவனுக்கே சொன்னார். கடைசியில, “ஆபரேஷன் பண்ணிடலாமா சார்?”னு கேட்டார்.

“ஆமா”ன்னான் அண்ணன், பளிச்சுன்னு.

மகன் மூச்சை விட்டான். டாக்டர் பேனாவை எடுத்தார். அண்ணி மட்டும் குனிஞ்சு, “ஏங்க, ஆபரேஷன் வேண்டாமா?”ன்னு கேட்டாங்க.

“ஆமா.”

“நான்தான் டாக்டரா?”

“ஆமா ஆமா.”

“இந்த ஆமாவை எடுத்துக்காதீங்க டாக்டர்” அப்படின்னாங்க அண்ணி.

மகனுக்குக் கோபம் வந்துடுச்சு. “ஏம்மா இப்படிப் பண்றீங்க? அவர் சரின்னுதானே சொன்னார்? இத்தனை நாளா அப்பா சொல்றது உங்களுக்குத்தானே புரிஞ்சுது? இப்ப மட்டும் என்னம்மா?”

“இத்தனை நாளும் புரியலடா. நானா சொன்னேன்.”

அப்பதான் அண்ணன் பேச ஆரம்பிச்சான். டாக்டரைப் பாத்து இல்ல, அண்ணியைப் பாத்து. அவங்க மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டான். “அது பெரிய படி. படியை எடுத்தா வாளி போயிடும் பாரு. நீ ஜன்னல்ல நின்னுக்க, நான் மடிச்சு வச்சிருக்கேன். வேணும் வேணாம்னு சொல்லாத, சொல்லிடு, பஸ்ஸு வந்தா வரட்டும், வரலைன்னா அந்தச் செவ்வாய்க்கிழமை…” இப்படியே போச்சு. அவசரமே இல்லாம, நிறுத்தி நிறுத்தி, அங்கங்க குரலைத் தாழ்த்திச் சொன்னான். கண்ணுல தண்ணி நின்னுச்சு. ஏதோ சொல்றான். சத்தியமா ஏதோ சொல்றான். அங்க இருந்த எங்க எல்லாருக்கும் அது தெரிஞ்சுது, என்னன்னுதான் தெரியல.

முடிச்சுட்டு அண்ணி முகத்தையே பாத்தான். அண்ணி என் பக்கம் திரும்பினாங்க. “நீ சொல்லு விசில். உன் கூடப் பிறந்தவர்தானே. என்ன சொல்றார்?” மைதானம் முழுக்கக் கேக்குற என் தொண்டையில காத்துதான் வந்துச்சு. பல்லு வலிக்கு அவ்வளவு கத்தினவதானே நான்.

வெளிய போய் யோசிச்சுட்டு வாங்கன்னு டாக்டர் அனுப்பினார். வராந்தாவுல ஒரு பெஞ்சு. தள்ளுவண்டி போகுது வருது, யாரோ யாரையோ கூப்பிடுறாங்க. அண்ணி கைப்பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. “அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து ஆரம்பிச்சாரே”ன்னாங்க. “நாளைக்கு எனக்கு இப்படி ஒண்ணு வந்துச்சுன்னா. அதுக்கப்புறம் என்ன சொல்ல வந்தார், உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?”

“அவன் அதைச் சொல்லவே இல்லையே அண்ணி.”

“ஆமா. நான்தான் விடல.” கைப்பை ஜிப்பைத் திறந்து மூடினாங்க, திறந்து மூடினாங்க. “இன்னும் ஒரு வாக்கியம்தான் இருந்திருக்கும். பீன்ஸ் நறுக்கிக்கிட்டிருந்தேன், எங்கேயும் அவசரமா போகக் கூட இல்ல.”

நான் அவங்க தோளைப் பிடிச்சேன். வேற என்ன செய்ய முடியும்? அவன் சொன்ன அந்தப் பாதியை நானும்தான் கேட்டேன். மீதி பாதி அவனுக்குள்ளதான் எங்கேயோ இருக்கு. கதவு அந்தப் பக்கமா சாத்திக் கிடக்கு.

உள்ள போனோம். அண்ணி நின்னுக்கிட்டே பேசினாங்க. “பண்ணிடுங்க டாக்டர். ஆனா ஒண்ணு, அவர் சரின்னு சொன்னதா எங்கேயும் எழுதாதீங்க. அவர் என்ன சொன்னார்னு எனக்குத் தெரியாது. நான் சொல்றேன். எனக்கு இவர் வேணும், அதுக்காகச் சொல்றேன்.” எழுதினவரோட பதில் வர்ற வரைக்கும் லாரியை நிறுத்தி வச்ச பொம்பளை அவங்க. இந்த ஒண்ணைத்தான் பதில் வராம அனுப்பினாங்க.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அண்ணன் நடக்குறான், சாப்பிடுறான், கழுத்துல ஒரு கோடு மட்டும் இருக்கு. பேச்சு மட்டும் அப்படியேதான், ஒரு வார்த்தை கூடத் தேறல. டாக்டருக்குச் சந்தோஷம், மகனுக்குச் சந்தோஷம். எங்களுக்கும் சந்தோஷம்தான், இல்லைன்னு யார் சொன்னது?

ஆனா வந்ததுல இருந்து ஒரு புதுப் பழக்கம். சாயங்காலம் ஆனா அந்த நாற்காலியில உக்காந்து, அண்ணியைக் கூப்பிட்டு எதிர்ல உக்கார வச்சு, கழுத்துக் கோட்டைத் தொட்டுத் தொட்டு ஒரு பேச்சுப் பேசுறான். சில நாள் குரல் ஏறுது, சில நாள் அண்ணி கையைத் தட்டிக் கொடுக்குறான். ‘ஏண்டி என்னைப் பிழைக்க வச்ச?’ன்னு திட்டுறானா, ‘நல்ல வேளை, காப்பாத்தினே’ன்னு சொல்றானா, தெரியல. நன்றிதான் சொல்றான் அண்ணின்னு ஆறுதலா சொல்லிடலாம்னு எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. எனக்கு மட்டும் என்ன தெரியும்?

மகன் போன் பண்ணி, “அப்பா என்னம்மா சொல்றார்?”னு கேட்டா அண்ணி இப்பல்லாம் ஒண்ணும் சொல்றதில்ல. போனை அண்ணன் வாய்கிட்ட பிடிச்சுக்குறாங்க. அந்தப் பக்கம் மகன் கேக்குறான், பொறுமை இருக்குற வரைக்கும்.

நேத்து நான் கீழ இறங்கி வரும்போது அண்ணன் பேசிக்கிட்டிருந்தான். வாளி, படி, ஜன்னல், செவ்வாய்க்கிழமை. அண்ணி பீன்ஸும் கத்தியும் ஓரமா வச்சுட்டு, கையைக் கட்டிக்கிட்டு அவன் வாயையே பாத்துக்கிட்டிருந்தாங்க. எவ்வளவு நேரமா நடக்குதோ, அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு தீஞ்ச வாசனை. நான் ஓடிப் போய் அணைச்சேன். அவங்க திரும்பவே இல்ல. அண்ணன் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடிச்சுட்டு, வழக்கம் போல பதிலுக்கு அவங்க முகத்தைப் பாத்தான்.

“அப்புறம்?” அப்படின்னாங்க அண்ணி.